ஓடினால் விட்டுவிடு

வாரத்தில் ஐந்து நாள் எனக்குக் கொல்வது வேலை.
தோளில் புகை எந்திரம், காதில் அடைப்பான்.
ஈசூனில் எந்தப் புளோக்குக்குப் பின்னால்
எந்தச் சாக்கடை வளைகிறதென்று
என் கால்களுக்குத் தெரியும்.
ஜன்னல்கள் சாத்தப்படும்,
மூங்கில் கழியோடு துணிகள் உள்ளே போகும்,
வெள்ளைக்குள் நான் மட்டும் நடப்பேன்.
நீ கொசுவா, தேனீயா என்று
புகை யாரையும் கேட்டதில்லை.
நானும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பூங்கா ஓரத்தில் ஒரு பாத்தி,
ஒரு மீட்டர் அகலம், இரண்டரை நீளம்,
குலுக்கலில் விழுந்த மண்.
கத்தரி நான்கு, கறிவேப்பிலை ஒன்று,
நான் நடாமலே வந்து ஏறிய கொடி ஒன்று.

மார்ச்சில் கத்தரித் தளிரில் மாவு பூத்தது.
மாவுப்பூச்சி.
எனக்குத் தெரியாததா, தொழில்காரன்.
பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து
ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
தொட்டதும் பழுப்பாகும், சாகும்.
நடுநடுவே சில
இன்னும் பெரிதாய், இன்னும் வெள்ளையாய்,
உடம்பெல்லாம் மெழுகுத் திரி தொங்கக் கிடந்தன.
தாய்கள் என்று நினைத்தேன்.
முதலில் அவற்றைத் தீர்த்தேன்.
நாற்பத்தொன்று.
எண்ணி எழுதிக் கொடுத்தே பழகிய கை.

அடுத்த பாத்தி ஹஸ்லிண்டா
பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள்.
டாக்டர் கழித்துப்போட்ட உருப்பெருக்கிக் கண்ணாடியை
நெற்றியில் மாட்டிக்கொண்டுதான் களை பிடுங்குவாள்.
"அபாங், தெங்கோக்" என்று
அதைக் கழற்றி என் முகத்தில் மாட்டினாள்.
பார்த்தேன்.
ஒரு வெள்ளையின் வயிற்றில் வாய் வைத்து
இன்னொரு வெள்ளை தின்றுகொண்டிருந்தது.
பொறிவண்டின் குஞ்சாம்.
தின்னப்போகும் கூட்டத்தின் சட்டையையே
போட்டுக்கொண்டு வருமாம்.

எப்படித்தான் கண்டுபிடிப்பது?
"குச்சியால் தொடுங்க.
கிடந்தால் பகை. ஓடினால் விட்டுவிடுங்க."
ஓடுகிறவனைத்தானே எங்கும் பிடிப்பார்கள் என்றேன்.
அவள் சிரித்தபடி கங்கோங்கை வெட்டப் போய்விட்டாள்.
நான் நாற்பத்தொன்றை நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எதையும் நம்ப முடியவில்லை.
சிவப்பில் புள்ளி வைத்தவரெல்லாம் நல்லவர் என்றுதான்
பிள்ளைகளின் படப்புத்தகம் சொல்லியிருந்தது.
என் கத்தரி இலையைச் சல்லடையாக்கியவனுக்கு
இருபத்தெட்டுப் புள்ளி!
மினுமினுத்தால் விடலாம்,
மங்கலாய், முதுகில் பூனை ரோமம் இருந்தால்
இலைதின்னி.
கறிவேப்பிலையில் காக்கை எச்சம் என்று
கழுவப் போனால்
எச்சம் தலை தூக்கி
சிவப்புக் கொம்பு நீட்டியது.
நாளைக்குப் பட்டாம்பூச்சி,
இன்றைக்கு என் ரசத்துக்குப் போட்டி.
இதை எந்தப் பக்கம் சேர்க்க?
மூன்று கொத்து அதற்கு விட்டேன்,
மிச்சத்துக்கு வலை கட்டினேன்.
அருள் ஒன்றும் இல்லை இதில், பேரம்தான்.

ஆகஸ்டில் பூங்கா வேலியில்
சிவப்புப் பதாகை: டெங்கி, பத்துப் பேருக்கு மேல்.
வியாழக்கிழமைத் தாளில்
பாத்திக்குப் பின்னால் ஓடும் சாக்கடை,
பக்கத்தில் என் பெயர்.
மூன்றாம் மாடியில் ஒரு பையன்
ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் திரும்பவில்லை.
வேறு ஆளைப் போடச் சொல்லிக் கேட்கவில்லை.

புதன் இரவு இருவரும்
பழைய பெட்ஷீட்டுகளைச் செடிகள்மேல் விரித்து
ஓரத்தில் செங்கல் வைத்தோம்.
காலையில் காற்று திரும்பும்வரை
இல்லாத கோளாறு ஒன்றை
எந்திரத்தில் பத்து நிமிஷம் தேடினேன்.
பிறகு இழுத்தேன் கயிற்றை.

ஞாயிறு. துணியை எடுத்தேன்.
கத்தரித் தளிரில் ஒரே ஒரு வெள்ளை,
மெழுகுத் திரிகளோடு.
குச்சியால் தொட்டேன்.
கிடந்தது.
மறுபடி தொட்டேன்.
செத்த நண்பனும் ஓடமாட்டான் என்பது
அன்று பேச்சில் வரவில்லை.

ஸ்பிரிட் புட்டியை மூடினேன்.
கண்ணாடியைக் கேட்டு வாங்கி
குந்தி உட்கார்ந்தேன்.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
திரி ஒன்று அசைந்ததுபோல் இருந்தது,
காற்றாகவும் இருக்கலாம்.